ஈர வாழையிலையில் ஒரு தேன்சிட்டு: தரங்கம்பாடியில் நான்கு காலைகள்

நான்காம் நாள் காலை 7.20-க்குத்தான் அந்தப் படம் விழுந்தது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஆண். நனைந்த வாழையிலையின் நடுத்தண்டு ஓரமாக வயிற்றை வைத்துச் சறுக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் வயிற்று இறகுகள் ஈரத்தில் ஒட்டி முள்முள்ளாக நிற்கின்றன. ஒரு சிறகு பாதி விரிந்திருக்கிறது, தோள்பட்டையில் பச்சை மின்னுகிறது, கண்ணுக்குள் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த ஒரு படத்துக்குப் பின்னால் மூன்று நாள் தவறுகள் இருக்கின்றன. கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகும்போது கேமராவையும் எடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசையாகவே எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் திருச்சியிலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம்: மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், அம்மா, நான். தரங்கம்பாடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை நான்கு நாளைக்கு வாடகைக்குப் பிடித்திருந்தோம். கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். வீட்டின் பக்கவாட்டில் ஒரு தோட்டம்: செம்பருத்தி, இட்லிப்பூ, மூன்று வாழை, ஒரு முருங்கை, மதிலோரம் ஒரு தேன்பழ மரம். போய்ச் சேர்ந்த மாலை பையை இறக்கி வைக்கும்போதே முருங்கையில் தேன்சிட்டுகளின் கூச்சல் கேட்டது. நான் கொண்டுபோனதோ கடற்கரையையும் பிள்ளைகளையும் எடுப்பதற்கான சாதாரண ஏற்பாடுதான். கேனான் 200டி கேமரா, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ், அவ்வளவே. பெரிய லென்ஸ் கிடையாது, முக்காலி கிடையாது.

நேரத்துக்கு மனைவிதான் வழி சொன்னாள். காலை ஆறேகால் முதல் எட்டேகால் வரை பிள்ளைகள் எப்படியும் தூங்குவார்கள், அது உன் நேரம். அதற்கப்புறம் கேமரா பைக்குள் போய்விட வேண்டும், எல்லோரும் கடலுக்கு. நான்கு நாளும் அதைக் காப்பாற்றினேன். குறிப்பிட்ட இரண்டு மணி நேரம் என்று இருந்ததால்தான் எதையும் அலைந்து தேடாமல் ஒரே தோட்டத்தில் உட்கார முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் காலை முழுக்க வீண். கேமரா இரவு முழுவதும் ஏசி அறையில் இருந்தது. கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்ததும் லென்ஸின் முகக்கண்ணாடியில் பால் ஊற்றினாற்போல் பனி படிந்துவிட்டது. கடலோரக் காற்றில் அவ்வளவு ஈரம். நான் அவசரத்தில் சட்டை நுனியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடி படிந்தது. நான்கு முறை துடைத்திருப்பேன். உள்ளே இருக்கும் உலோகமும் கண்ணாடியும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை துடைத்துப் பயனில்லை. 25 நிமிடம் ஆனது தெளிய. அந்த 25 நிமிடத்தில்தான் வெளிச்சம் மிக நன்றாக இருந்தது. அன்று இரவிலிருந்து கேமராப் பையை ஜிப் மூடியபடியே, ஏசி இல்லாத கூடத்தில் ஜன்னலோரம் வைத்தேன். அதற்கப்புறம் ஒரு நாளும் பனி படியவில்லை. செலவு எதுவும் இல்லை.

தெளிந்த பிறகு செய்ததும் தவறுதான். தோட்டத்துக்குள் இறங்கித் தேன்சிட்டைத் துரத்தினேன். அது செம்பருத்தியிலிருந்து முருங்கைக்கு, முருங்கையிலிருந்து பக்கத்து வீட்டு மாதுளைக்கு என்று தாவிக்கொண்டே இருந்தது. எடுத்த 212 படங்களில் பறவை தெளிவாக இருந்தவை ஒன்பது. அந்த ஒன்பதிலும் அது படத்தின் நடுவே ஒரு சின்ன உருவம். மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேன்சிட்டு அலகிலிருந்து வால் வரை சுமார் 10 செ.மீ. 250 மி.மீ. லென்ஸில் ஆறு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அது படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். மூன்று மீட்டருக்குப் போனால் ஐந்தில் இரண்டு. லென்ஸை மாற்ற முடியாது. தூரத்தைத்தான் மாற்ற வேண்டும். நான் அதன் பக்கத்தில் போனால் அது பறந்துவிடுகிறது. ஆகவே நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அது வர வேண்டும்.

அன்று மாலை இரண்டு வேலை செய்தேன். ஒன்று, கேமராவைத் தாங்க ஒரு தலையணைப் பை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, பக்கத்து ஊரான பொறையாறு கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் தைத்து, மறுபக்கம் ஜிப் வைத்து 80 ரூபாய் வாங்கினார். நீளம் 30 செ.மீ., அகலம் 20. அதற்குள் என்ன போடுவது என்று யோசித்தபோது, வாசலில் இறங்கினால் கடற்கரை முழுக்க மணல் கிடக்கிறதே என்று தோன்றியது. மூன்று கிலோ காய்ந்த மணலைப் போட்டேன். நல்ல கனம், அசையவே இல்லை.

இரண்டு, தண்ணீர்த் தட்டு. பொங்கல் பானை விற்கிறவரிடம் ஒரு அகலமான மண்தட்டு, 40 ரூபாய். வராந்தாவிலிருந்து பதினோரு அடி தள்ளி வாழைக்குப் பக்கத்தில் செங்கல் மேல் வைத்து இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டாம் காலை. மணல் பை மேல் கேமராவை வைத்து முக்கால் மணி நேரம் எடுத்திருப்பேன். ஜூமைத் திருப்பும்போது விரலுக்குள் 'கரகர' என்று உணர்ந்தேன். பையின் தையல் இடுக்கு வழியாகப் பொடி மணல் கசிந்து லென்ஸின் வளையத்துக்குள் போயிருக்கிறது. வயிறு கலங்கிவிட்டது. இந்த இடத்தில் ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: அதற்கு மேல் வளையத்தைத் திருப்பவே இல்லை. 250-லேயே நிறுத்தி, லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் ஊதியால் ஊதி, மகளின் மெல்லிய பெயிண்ட் பிரஷால் இடுக்கைத் தட்டிவிட்டேன். மிச்ச நாளெல்லாம் 250-லேயே எடுத்தேன். பறவைக்கு எப்படியும் அதுதான் வேண்டும். ஊர் திரும்பியதும் சுத்தம் செய்ய 900 ரூபாய் ஆனது. இந்தப் பயணத்தின் பெரிய செலவு அதுதான்.

பையை உதறிக் கழுவி, வெயிலில் காயவைத்து, சமையலுக்கு வாங்கிய அரிசியில் இரண்டரைக் கிலோவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்குள் போட்டேன். "ஊருக்குப் போறப்ப அரிசி எனக்குத் திரும்ப வந்துரணும்" என்றாள் அம்மா. மணலை விட அரிசி லென்ஸின் வடிவத்துக்கு நன்றாகவே குழிந்து கொடுக்கிறது. வராந்தாவின் கைப்பிடிச் சுவர் மேல் அதை வைத்தால், தரையில் பலகை போட்டு உட்கார்ந்த என் கண் மட்டத்துக்குக் கேமரா வருகிறது.

என்னை மறைக்க அம்மாவின் பழைய பாசிப்பச்சைப் பருத்திச் சேலை. வராந்தாத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கொடிக்கயிறு கட்டி, சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, லென்ஸ் நீட்டும் அளவுக்கு இடைவெளி விட்டு ஆறு துணி கிளிப்புகள் போட்டேன். கடற்காற்றுக்கு அது படபடத்தது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை, பறவைகள் கவனித்தன. அடியில் கூழாங்கற்களை மடித்துக் கட்டியதும் அடங்கியது.

தண்ணீர்த் தட்டுக்கு வந்தவர்கள் யார் யார்? தவிட்டுக்குருவிகள் ஏழு பேர் கூட்டமாக வந்து தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போனார்கள். செம்புழைச் சின்னான் ஜோடி காலை ஏழு மணி வாக்கில் தவறாமல் வந்தது. ஒரு தையல்சிட்டு தட்டின் விளிம்பில் வாலைத் தூக்கி நின்று இரண்டு வாய் குடித்தது. அதில் ஒரு நல்ல படம் கிடைத்தது. ஆனால் தேன்சிட்டு? தலைக்கு மேலே வந்தது, வாழைப்பூவில் தேன் குடித்தது, தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆழம் அதிகமோ என்று தண்ணீரைக் குறைத்தேன், நடுவில் கல் வைத்தேன், தட்டை இடம் மாற்றினேன். இரண்டாம் காலை இப்படியே போயிற்று.

பகலில் கோட்டைக்குப் போனோம். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய டான்ஸ்போர்க். 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மகன் சுவரோர பீரங்கிகளை எண்ணிக்கொண்டிருக்க, நான் வேறு நினைப்பில் இருந்தேன். இந்தச் சின்ன ஊருக்கு 1768-ல் மருத்துவராக வந்த கோனிக், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். இங்கிருந்துதான் நம் செடிகளைச் சேகரித்துப் பதிவு செய்தார். மிஷனரியாக வந்த ஜான் என்பவரின் பெயர் நம் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் நான் தேடிக்கொண்டிருந்த இன்னொரு பறவையான லோட்டன் தேன்சிட்டும், இலங்கையில் 1752 முதல் 1757 வரை டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் பெயரைத் தாங்கியது. அவர் ஓவியரை வைத்துப் பறவைகளை வரைய வைத்தவர். இந்தக் கடலோரத்தில் சின்னஞ்சிறு உயிர்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

கோட்டையிலிருந்து திரும்பினால், வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு ஊதாத் தேன்சிட்டு கொத்திக்கொண்டிருந்தது. தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை. கைக்கெட்டும் தூரம், அழகான வெளிச்சம். இரண்டு படம் எடுத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஐந்து நிமிடமாக அது வாயைத் திறந்து இரைத்துக்கொண்டே கொத்தியது. இரண்டு கண்ணாடிகளுக்கும் மகனின் காலுறைகளை மாட்டிவிட்டேன். ஊர் திரும்பும்வரை அப்படியே இருந்தன. அந்த இரண்டு படங்களையும் அழித்துவிட்டேன்.

வழி திறந்தது மூன்றாம் நாள் காலை, அம்மாவால். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டியூப் பிடித்து வாழைக்கும் இட்லிப்பூவுக்கும் தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் சேலைக்குப் பின்னால் தட்டையே குறி வைத்து உட்கார்ந்திருந்தேன். அடுப்படி வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகக் கூப்பிட்டாள்: "தம்பி, நீ தட்டையே பாத்துக்கிட்டு இருக்க. அது எலையிலதான குளிக்குது."

திரும்பிப் பார்த்தேன். நனைந்த வாழையிலையில் ஒரு பெண் தேன்சிட்டு. இலையின் மேல்பக்கம் போய் உட்காரும், கால் வழுக்கும், அப்படியே வயிறு தேய்த்துச் சறுக்கும், நுனிக்கு வந்ததும் பறந்து மறுபடி மேலே. நடுவே தலையைப் பக்கவாட்டில் இலையோடு வைத்து ஒத்தி எடுத்தது, நாம் துண்டில் முகம் துடைப்பது மாதிரி. மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு மேலே ஒரு காய்ந்த குச்சியில் உட்கார்ந்து இறகு கோதியது. ஒரு படம்கூட எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தேன்சிட்டும் பூங்கொத்தி என்ற சின்னப் பறவையும் தேங்கிய தண்ணீரில் இறங்குவதை விட ஈர இலையில் குளிப்பதைத்தான் விரும்பும் என்று படித்திருக்கிறேன். படித்தது தேவையான நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டில் 70 ரூபாய்க்கு வாங்கி இலையை நனைத்தேன். வாழையிலையில் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு, நான் வராந்தாவுக்குத் திரும்பி உட்காருவதற்குள் இலை பாதி காய்ந்துவிடுகிறது. தொடர்ந்து சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊக்கைச் சுட்டு ஓட்டை போட்டேன். காற்று புக அடியில் இன்னொரு ஓட்டை. மதிலில் சாய்த்திருந்த துரட்டியை வாழைக்கு மேலே சாய்த்துக் கட்டி, பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் பாட்டில் காலி. ஓட்டை பெரிதாகிவிட்டது. பூஜைத் தட்டிலிருந்து ஒரு விளக்குத்திரியை எடுத்து முறுக்கி ஓட்டைக்குள் செருகினேன். இப்போது நொடிக்கு இரண்டு சொட்டு. மகள் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிச் சொன்னாள். மணிக்கு சுமார் 350 மில்லி குறைந்தது. என் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

சொட்டு விழும் இடத்தையும் பார்த்து வைக்க வேண்டும். முதலில் இலையின் ஓரத்தில் விழுந்தது, தண்ணீர் உடனே வழிந்து கீழே போய்விட்டது. நடுத்தண்டுப் பள்ளத்தில் விழுமாறு நகர்த்தியதும், பள்ளம் வாய்க்கால் மாதிரி நுனிவரை தண்ணீரைக் கொண்டுபோனது. இலைக்கு மேலே இரண்டடி தள்ளி ஒரு காய்ந்த முருங்கைக் குச்சியைக் கயிற்றால் கட்டினேன், குளித்ததும் உட்கார்ந்து கோதுவதற்கு.

அன்று மாலை ஏறக்குறைய இருட்டும்வரை மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நோட்டில் நேரம் குறித்தாள். ஆண் வந்தது 4.52, 5.10, 5.31. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. மறுநாள் காலை எனக்கு அந்த நோட்டு பெரிய உதவி. எப்போது கண்ணைக் கேமராவில் வைக்க வேண்டும், எப்போது காபி குடிக்கலாம் என்பது தெரிந்துவிட்டது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேன்சிட்டின் பளபளப்பு சாயம் கிடையாது. இறகின் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால்தான் பச்சையும் ஊதாவும் எரியும். பக்கவாட்டில் இருந்தால் அதே பறவை கறுப்பு. தரங்கம்பாடியில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. வராந்தாவின் கடல் பக்க மூலையில் நான் உட்கார்ந்தால் வெளிச்சம் என் தோளுக்கு மேலாக வாழையில் விழுகிறது. அதுவரை நான் எதிர் மூலையில், நிழல் நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

கேமரா அமைப்பு: ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானாக மாறும்படி விட்டு உச்சம் 3200. 7.20-க்கு எடுத்த படத்தில் அது 640 காட்டுகிறது. ஒற்றை நடுப்புள்ளி ஃபோகஸ், தொடர்ந்து பின்தொடரும் முறை. பதினோரு அடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கும். அதனால் பறவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும் கணத்தில் மட்டும் அழுத்தினேன். நான்காம் நாள் மொத்தம் 140 படம். வைத்துக்கொண்டது ஆறு. முதல் நாள் 212-க்கு ஒன்றும் தேறவில்லை.

எதிர்பாராமல் கிடைத்தது பூங்கொத்தி. தேன்பழ மரத்தில் 'சிக் சிக்' என்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று, எட்டு சென்டிமீட்டர், சாம்பல் நிறத்தில் எந்த அலங்காரமும் இல்லாதது. 7.45-க்கு நான் கட்டிய முருங்கைக் குச்சியில் வந்து உட்கார்ந்து, அலகில் இருந்த பழத்தைப் பிதுக்கி விழுங்கியது. அந்தப் படத்தில் அலகின் ஓரத்தில் பழச்சாறு ஒரு சொட்டு நிற்கிறது. எனக்குத் தேன்சிட்டுப் படத்தை விட இதுதான் பிடித்திருக்கிறது. ஒளிராத பறவையைக் கிட்டத்தில் பார்க்கும்போது அதன் முகம் தெரிகிறது.

கடற்கரைக்குக் கேமரா கொண்டுபோன நாட்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரப் பருத்தித் துணியால் உடம்பையும் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் துடைத்து, அதற்கப்புறம் காய்ந்த துணி. முகக்கண்ணாடிக்கு முன்னால் போட்டிருந்த ஃபில்டரிலும் அப்படியே. காய்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்புப் பொடி கீறிவிடும்.

ஜீன்ஸ் பை 80, மண்தட்டு 40, ஸ்பிரே 70, பாட்டிலும் துரட்டியும் சேலையும் இருந்தவை. 190 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, மணலால் 1,090 ஆயிற்று. அரிசியை அம்மா மூன்றாம் நாள் இரவே திருப்பிக் கேட்டாள், நான்காம் நாள் காலை எட்டேகாலுக்குக் கொடுத்துவிட்டேன். அன்று மத்தியானம் சர்க்கரைப் பொங்கலாக அது இலைக்கு வந்தது.

அடுத்த முறைக்கு: பையை வீட்டிலேயே இரட்டைத் தையலாகத் தைத்து எடுத்துப் போவேன். விளக்குத்திரி வைத்த பாட்டில் மூடியைக் கேமராப் பையிலேயே போட்டு வைத்துவிட்டேன். தட்டையும் இலையையும் முதல் மாலையே ஏற்பாடு செய்துவிட்டு, முதல் காலை படம் எடுக்காமல் நேரம் மட்டும் குறிப்பேன்.

லோட்டன் தேன்சிட்டு மட்டும் கிடைக்கவில்லை. அரிவாள் மாதிரி வளைந்த அதன் நீண்ட அலகைத் தினமும் முருங்கையின் உச்சியில் பார்த்தேன். கீழே வாழைக்கு அது இறங்கவே இல்லை. கிளம்புகிற அன்று மாலை, காய்ந்த துணிகளை எடுக்கப் பின்கட்டின் மொட்டை மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டடி தூரத்தில், சரியாகக் கண் மட்டத்தில், முருங்கைப் பூக்கொத்து. அதில் லோட்டன். கையில் துணி மட்டும் இருந்தது, கேமரா காரில் ஏறிவிட்டது. சுவரின் உயரத்தை சாணால் அளந்து வைத்துக்கொண்டேன்: நான்கு சாண். அரிசிப் பை வைக்கச் சரியாக இருக்கும்.